பிடியக்கா நிற்கும் பக்கம்

அந்தத் தெருவில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பிடியக்கா என்றால்தான் தெரியும். காலையில் தச்சுப்பட்டறையின் இரும்புக் கதவு மேலே ஏறியதிலிருந்து சாயங்காலம் கீழே இறங்கும் வரைக்கும், "இந்தா, பிடி", "அந்தப் பக்கம் பிடி", "விட்டுடாத, பிடி" என்று தச்சரின் குரல் வெளியே கேட்டுக்கொண்டே இருந்தால் தெருவுக்கு வேறு என்ன பெயர் தோன்றும்? எதிர்வரிசைச் சலூன்காரர்தான் முதலில் அப்படிக் கூப்பிட்டு வைத்தார். பிறகு பால் கொண்டுவருகிறவர் வரைக்கும் அது பரவி நிலைத்துவிட்டது. தச்சருக்கு அந்தப் பெயரில் ஒரு சங்கடமும் இல்லை. மனைவியை அவர் கூப்பிடுவதே "இந்தா" என்றுதான்.

அவள் பட்டறைக்கு வேலைக்கென்று வந்தவள் இல்லை. மகள் கைக்குழந்தையாக இருந்த காலத்தில் தச்சரோடு கூட வேலை பார்த்த ஆள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான். மதியச் சாப்பாட்டோடு மாடியிலிருந்து இறங்கி வந்தவளிடம், ஒரு கையில் ரம்பமும் மறு கையில் ஆடுகிற பலகையுமாக நின்றிருந்த தச்சர், இதைக் கொஞ்சம் பிடி என்றார். பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுப் பிடித்தாள். அந்தக் கொஞ்சம் இன்னும் முடியவில்லை. மகள் வளர்ந்து, படித்து, கல்யாணமாகி வேறு ஊருக்கே போய்விட்டாள். அம்மா மேசையின் அந்தப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. அவள் மோவாயின் கீழே இருக்கிற சின்னத் தழும்புதான் அதற்குச் சாட்சி. ஆரம்ப காலத்தில் ஒருமுறை அவள் கால் ஊன்றி நிற்பதற்குள் தச்சர் மெஷினைப் போட்டுவிட்டார். பலகை துள்ளி எழுந்து மோவாயில் இடித்தது. ரத்தம் அதிகமில்லை. அவளே துணியை வைத்து அழுத்திக்கொண்டு வேலையைப் பாருங்கள் என்றாள். தச்சர்தான் அன்று முழுக்க மெஷின் பக்கமே போகவில்லை. அன்றைக்கு வைத்த சட்டம் இது: அவள் இரண்டு கையையும் மரத்தில் வைத்து, இடுப்பை மேசை விளிம்பில் சாய்த்து, காலை ஊன்றிக்கொண்டு "ம்" என்று சொல்ல வேண்டும். அந்த "ம்" காதில் விழாமல் அவர் விரல் சுவிட்சுக்குப் போகாது.

சண்டை வந்து பேச்சு நின்றுபோன நாட்களிலும் அந்த "ம்" நிற்காது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாவது சொல்லிவிடுவாள். தச்சரின் தங்கை, அதாவது அவளுடைய நாத்தனார், மாடி முன்னறையில் தையல் மெஷின் மிதிக்கிறவள். தரை வழியாக ஏறி வருகிற அந்த ஒற்றைச் சத்தத்தை வைத்தே கீழே என்ன நிலவரம் என்று கண்டுபிடித்துவிடுவாள். இழுத்துச் சொன்னால் அண்ணி குளிர்ந்திருக்கிறாள். நறுக்கென்று சொன்னால் அண்ணன் ஏதோ வாயைக் கொடுத்து மாட்டியிருக்கிறார். அதற்கேற்றபடி தேநீரைச் சேர்த்துக் கொண்டுபோவதா தனித்தனியாகக் கொண்டுபோவதா என்று முடிவு செய்வாள்.

பிடித்துப் பிடித்தே அவளுடைய மணிக்கட்டு விட்டுப்போனது. முதலில் தூங்கி எழும்போது மட்டும் விரல்கள் மரத்திருந்தன. பிறகு துணி பிழிய முடியவில்லை. எண்ணெய்ப் புட்டி மூடியைத் திருக முடியாமல் நாத்தனாரிடம் நீட்டி, உன் பலத்தைப் பார்க்கலாம் என்று விளையாட்டுப்போலச் சமாளித்தாள். கீழே வந்தால் வலியைக் காட்டிக்கொள்ள மாட்டாள். மெஷின் அதிரும்போது பல்லைக் கடித்துக்கொள்வாள். மெஷின் சத்தத்தில் பல் கடிக்கிற சத்தம் யாருக்குக் கேட்கப்போகிறது?

ஆனால் ஒரு காலையில் அவள் தேநீர்த் தம்ளரை இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துத் தூக்கிக் குடிப்பதைத் தச்சர் பார்த்துவிட்டார். பட்டறைக் கதவைத் திறக்காமல் சட்டையை மாற்றிக்கொண்டு, வா என்று டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். இனி எதையும் இறுக்கிப் பிடிக்கவே கூடாது, அதிருகிற சாமான் பக்கம் கை போகக் கூடாது, போனால் கத்தி வைக்க வேண்டிவரும் என்றார். திரும்பி வருகிற வழியெல்லாம் தச்சர் பேசவில்லை. அவர் எப்போதும் அப்படித்தான். ஒரு பலகையை இழைக்கும்போது அதோடு முணுமுணுக்கிற பேச்சில் பாதியை மனுஷர்களோடு பேசியிருந்தால் அவரை ஊமை என்று யாரும் கேலி செய்திருக்க மாட்டார்கள்.

நாத்தனார் அன்றைக்கே தடித்த துணியில் மணிக்கட்டுக்கு ஒரு பட்டை தைத்துக் கொடுத்தாள். ஓரத்தில் சின்னதாக ஒரு பூவும் போட்டிருந்தாள். நோய்க்கு எதற்குப் பூ என்று பிடியக்கா கேட்டதற்கு, பார்க்கிறவர்கள் நகை என்று நினைத்துக்கொள்ளட்டும் என்றாள்.

சில நாள் கழித்து ஒரு நீளமான பெட்டி வந்து இறங்கியது. உள்ளே வெள்ளியாகப் பளபளக்கும் அலுமினிய டிராக்குகள். சன்னல் கண்ணாடி நகர்வதற்கு வைப்பார்களே, ஏறக்குறைய அந்த மாதிரி. தலை அகன்ற போல்ட்டுகள், நட்சத்திரம்போல மூக்கு மூக்காக இருக்கும் கருப்புக் குமிழ்கள், மரத்தை மேலிருந்து அமுக்குகிற வளைந்த கிளாம்ப்புகள். மேசையில் பள்ளம் எடுத்து டிராக்கைப் பதித்துவிட்டால், போல்ட்டின் தலை அதற்குள் ஓடும். கிளாம்ப்பை வேண்டிய இடத்துக்கு நகர்த்தி, குமிழைத் திருகினால் அங்கேயே நிற்கும். சின்ன மரம், பெரிய மரம், வளைந்தது, நீண்டது எதுவானாலும் பிடித்துக்கொள்ளும். வேண்டாமென்றால் கழற்றி இன்னொரு பக்கம் மாட்டிக்கொள்ளலாம்.

தச்சர் இவ்வளவையும் அவளிடம் சொல்லவில்லை. ஒரு கிளாம்ப்பை எடுத்துக் காட்டி, "இனி இது பிடிச்சுக்கும். நீ மாடியில ரெஸ்ட் எடு," என்றார். அவ்வளவுதான். அவர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார். அவளுக்கோ, வேலையை விட்டு நிறுத்துகிற முதலாளி வாசல் வரைக்கும் வந்து வழியனுப்புவதுபோல இருந்தது.

"உனக்குச் சக்களத்தி வந்துட்டா அண்ணி," என்றாள் நாத்தனார், மாடிப் படியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டு. "அதுவும் ஒருத்தி இல்ல. பெட்டி நிறைய வந்திருக்காளுங்க."

பிடியக்கா சிரித்தாள். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

மாடியில் அவளுக்கு என்ன இருக்கிறது? ஒரு சன்னல், அதைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். சமையல் காலையிலேயே முடிந்துவிடும். முன்னறை நாத்தனாருடையது. அங்கே துணியும் ஊசியும் வெட்டிய துண்டுகளுமாக உட்கார இடம் இருக்காது. கீழே அவளுக்கென்று ஓர் இடம் இருந்தது. மேசையின் அந்தப் பக்கம், சுவரில் மாட்டிய ரம்பங்களுக்கும் மேசைக்கும் நடுவில், ஓர் ஆள் நிற்கிற அகலம். அங்கே நின்றால் வாசல் தெரியும், தெரு தெரியும், தச்சரின் குனிந்த தலை தெரியும். அந்தத் தலை கருப்பாக இருந்ததிலிருந்து உச்சியில் வழுக்கை விழுந்தது வரைக்கும் அவள் பார்த்ததெல்லாம் அந்த இடத்தில் நின்றுதான். இப்போது அந்த இடம் போகப்போகிறது. கை போனதைவிட அதுதான் அவளை அரித்தது. ஆனால் வாயைத் திறந்து கேட்க வீராப்பு விடவில்லை. அவர் வேண்டாம் என்று சொல்லியாயிற்று, நாமாகப் போய் நிற்பதா என்று மாடியிலேயே இருந்துகொண்டாள்.

தச்சர் தனியாகவே வேலையை ஆரம்பித்தார். பழைய மேசையின் மேல்பலகையைக் கழற்றியதை அவள் சத்தத்தில் கேட்டாள். அந்தப் பலகையில் எந்த ஆணி முனகும் என்று அவளுக்குத் தெரியும். புதுப் பலகை இறங்கியது. அளவெடுத்துக் கோடு போடும் நேரம் சத்தமில்லாமல் போனது. பிறகு பள்ளம் கடைகிற ரவுட்டர் மெஷினின் வயரை இழுத்துப் போடுகிற சத்தம். அது தெரிந்ததும், அடுப்படியில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தவள் காலை அகட்டி ஊன்றி, இடுப்பை மேடையில் சாய்த்து, "ம்" என்றாள்.

சொன்ன பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பது உறைத்தது. கீழே மெஷின் அவள் சொன்னதற்காகக் காத்திராமல் அதன் பாட்டுக்கு ஓடத் தொடங்கியது. முன்னறையில் நாத்தனார் கேட்டும் கேட்காததுபோல ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

இதற்கிடையில் சலூன்காரர் வருவதும் போவதுமாக இருந்தார். அவர் கடையின் பெரிய நீள்வட்டக் கண்ணாடிக்குச் சட்டம் உளுத்து விழுந்துவிட்டது. கண்ணாடியை மட்டும் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். அது தானும் சாய்ந்து உட்கார்ந்திருப்பவரையும் சாய்த்துக் காட்டுகிறது, எல்லாரும் கழுத்தை ஒரு பக்கமாக ஒடித்துக்கொண்டு உட்காருகிறார்கள், அதைப் பார்த்து வெட்டினால் கிருதா ஒன்று ஏறி ஒன்று இறங்கி நிற்கிறது, நேற்று ஒருத்தர் பாதிக் காசுதான் கொடுத்தார் என்று புலம்பினார். சட்டத்தை வளைந்த துண்டுகளாக அறுத்து வைத்தாயிற்று. ஒட்டிப் பிடிக்க மேசை தயாராக வேண்டும். அதற்காகத்தான் அவர் தினமும் வந்து மேசையை ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் சொந்தக்காரரைப்போல விசாரித்துவிட்டுப் போனார்.

அவர்தான் படிக்கட்டின் அடியில் நின்று மேலே பார்த்து ஒரு சேதி சொன்னார்.

"பிடியக்கா, நீங்க கீழ வராம அண்ணன் ஒரு மாதிரி ஆகிட்டாரு. உள்ள ஆளே இல்ல, மெஷினைக் கையில வச்சுக்கிட்டு அவரே 'ம்'னு சொல்லிக்கிறாரு. சொல்லிட்டுத்தான் சுவிட்ச் போடுறாரு."

நாத்தனாரின் தையல் மெஷின் நின்றது. பிடியக்கா, அவருக்குத் தொண்டை சரியில்லையாக இருக்கும் என்று சொல்லி உள்ளே போய்விட்டாள். போனவள் அடுப்படியில் துடைத்த பாத்திரத்தையே எடுத்து மறுபடி துடைத்தாள்.

மறுநாள் காலை தச்சர் மாடிப்படியில் பாதி ஏறி நின்று, "மேசை ஆச்சு. வந்து பாக்குறியா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் கைப்பிடிச் சுவரைத் தடவினார். அவர் கேள்வி கேட்பதே அபூர்வம். அவள் பட்டையைச் சரிசெய்துகொண்டு இறங்கினாள். பின்னாலேயே தேநீரை எடுத்துக்கொண்டு நாத்தனாரும் இறங்கினாள். தேநீர் ஒரு சாக்கு.

மேசை அழகாகத்தான் இருந்தது. அதை அவளால் மறுக்க முடியவில்லை. வெளிர் மரப்பலகையில் டிராக்குகள் குறுக்கே வரிசையாக, சீப்புப் பல் மாதிரி, ஒன்றுக்கொன்று பிசகாமல் ஓடின. பலகையின் மட்டத்துக்கு ஒரு மயிரிழை கீழே இறங்கியிருந்தன. மேலே தள்ளுகிற மரம் எதிலும் தட்டாது. அவர் நிற்கிற பக்கத்தில் மேசையோடு பொருத்திய பழைய இரும்புப் பிடிப்பான் இருந்ததால் டிராக்குகள் அதற்கு முன்னாலேயே நின்றுவிட்டன. அவள் நிற்கிற பக்கத்தில் கடைசி வரை வந்திருந்தன. சலூன்காரர் ஏற்கெனவே அங்கே வந்து நின்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நன்றாக இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

தச்சர் ஒரு போல்ட்டை எடுத்தார். டிராக்கின் மேல் வைத்தார். தலை அகலம், பிளவு குறுகல், மேலிருந்து அது இறங்காது. இறங்கவும் கூடாது, அதுதான் அந்தச் சாமானின் சூட்சுமம். முனையிலிருந்து நுழைத்துத்தான் உள்ளே ஓட்ட வேண்டும். அவர் பிடிப்பான் பக்கத்து முனையைப் பார்த்தார். அங்கே பலகை மூடியிருந்தது. மேசையைச் சுற்றி நடந்து அவள் நிற்கிற பக்கம் வந்தார். இந்தப் பக்கம் ஒரு விளிம்புப் பட்டி, நல்ல கெட்டி மரத்தில், முனை உருட்டி, கண்ணாடிபோல இழைத்து, எண்ணெய் பூசி, மேசையின் முழு நீளத்துக்கும் ஒட்டியிருந்தது. எல்லா டிராக்கின் வாயையும் அது அடைத்திருந்தது.

தச்சர் போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

சலூன்காரர் குனிந்து பார்த்தார். இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் நடந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "அண்ணே, வீடு நல்லா கட்டியிருக்கீங்க. வாசல் எந்தப் பக்கம் வச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

நாத்தனார் தேநீர்த் தட்டை வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மரத்திலேயே பிறந்து மரத்திலேயே வளர்ந்த ஆள், போல்ட் போகிற வழியை அடைத்து எண்ணெயும் பூசி வைத்திருக்கிறாரே என்றாள். தச்சரின் காது சிவந்துவிட்டது. எப்படி மறந்தேன் என்று அவரே தன் தலையில் தட்டிக்கொண்டார்.

பிடியக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவள் அந்தப் பட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பழைய மேசையிலும் அந்த இடத்தில் அப்படி ஒரு பட்டி இருந்தது. அது எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியும். அவள் பட்டறைக்கு வந்த புதிதில் அந்த விளிம்பு அறுத்த மாதிரியே கரடாக இருந்தது. சாய்ந்து நின்று நின்று இடுப்புத் துணி சிலாம்பில் மாட்டிக் கிழிந்தது. இடுப்பிலும் கன்றிப்போனது. அவள் சொல்லவில்லை. கிழிந்த துணியை நாத்தனார் தைத்துக்கொண்டிருந்ததைத் தச்சர் பார்த்திருக்கிறார். மறுநாள் வந்தபோது அந்தப் பக்கம் வழவழவென்று ஒரு பட்டி ஒட்டியிருந்தது. அதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. வருஷக்கணக்காக அவள் சாய்ந்த இடத்தில் அது கருத்து, லேசாகக் குழிந்தே போயிருந்தது.

இந்தப் புது மேசையில் அவருடைய பக்கத்து விளிம்பு அறுத்தபடியே இருந்தது. தேய்க்கக்கூட இல்லை. இரண்டு ஓரமும் அப்படித்தான். இந்த ஒரு பக்கத்துக்குத்தான் கெட்டி மரம் தேடி, முனை உருட்டி, எண்ணெய் போட்டிருக்கிறார். யாரும் நிற்கப்போவதில்லை என்று சொல்லி வாங்கிய சாமானுக்குக் குறுக்கே, அவள் வந்து சாய்வதற்கு இடம் செய்து வைத்திருக்கிறார். செய்தது அவருக்கே தெரியவில்லை. கை தானாகச் செய்துவிட்டது.

அவள் பட்டியின்மேல் விரலை ஓட்டினாள். நடுவில், அவள் நிற்கிற இடத்தில், மற்ற இடத்தைவிட இன்னும் கொஞ்சம் அதிகமாக இழைத்திருப்பது விரலுக்குத் தெரிந்தது.

தச்சர் அதற்குள் உளியும் சுத்தியலும் எடுத்து வந்துவிட்டார். பட்டியின் ஒரு முனையில் உளியை வைத்து, ஒட்டியது இறுகிவிட்டது, பிளந்துதான் எடுக்க வேண்டும் என்று முணுமுணுத்தார். சுத்தியலை ஓங்கினார்.

"அத எடுக்காதீங்க," என்றாள் பிடியக்கா.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எடுத்துட்டா நான் எங்க சாயறது?"

சலூன்காரர் எதையோ சொல்ல வாயெடுத்தார். நாத்தனார் அவர் கையில் தேநீர்த் தம்ளரைத் திணித்தாள். அவர் புரிந்துகொண்டு, வாயைத் தேநீருக்கு வைத்துக்கொண்டார்.

தச்சர் சுத்தியலை மெதுவாக மேசைமேல் வைத்தார்.

"வருவியா?" என்று கேட்டார். "கை வலிக்குதேன்னுதான்... நீ வேற மாடியிலேயே இருந்துட்ட. இத்தனை வருஷம் நின்ன ஆளு, இப்பவாவது நிம்மதியா உக்காரணும்னு நெனச்சுட்டியோன்னு இருந்தேன்."

"நீங்கதான ரெஸ்ட் எடுன்னீங்க."

"கைக்குச் சொன்னேன்."

அவ்வளவுதான் பேச்சு. அவர்களுக்கு அதுவே ஒரு மாதத்துப் பேச்சு. பிடியக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த ரம்பங்களை ஏதோ இப்போதுதான் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். நாத்தனாருக்கு மூக்கை உறிஞ்ச வேண்டியிருந்தது. மரத்தூள் மரத்தூள் என்று சொல்லிக்கொண்டாள்.

பட்டியைப் பிளக்க வேண்டியதில்லை என்று வழி சொன்னதும் பிடியக்காதான். ஒவ்வொரு டிராக்குக்கும் நேராகப் பட்டியில் ஒரு சின்ன வாய் வெட்டினால் போதும், போல்ட்டின் தலை நுழைகிற அளவு. சாய்கிற இடத்தில் வெட்டின வாயை மட்டும் முனை மழுக்கிவிட வேண்டும். தச்சர் யோசித்துப் பார்த்தார். சரிதான். உளியை மாற்றி எடுத்துக்கொண்டு மண்டியிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு வாயாகத் திறந்தார். பட்டியில் வரிசையாகச் சன்னல் வைத்ததுபோல இருந்தது. போல்ட்டுகள் சரசரவென்று உள்ளே ஓடின. சலூன்காரர் ஒன்றை வாங்கி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தள்ளி விளையாடினார். குழந்தைகளுக்கு வாங்கிக் கொடுக்கலாம் போல இருக்கிறதே என்றார்.

அன்றைக்கே கண்ணாடிச் சட்டத்தை ஒட்ட ஆரம்பித்தார்கள். அறுத்து வைத்த வளைந்த துண்டுகளை முனைக்கு முனை பசை தடவி, நீள்வட்டமாகச் சேர்த்து, சுற்றிலும் கிளாம்ப் வைத்து அமுக்க வேண்டும். முன்பெல்லாம் இது பிடியக்கா மார்பு வரை சாய்ந்து பிடிக்கிற வேலை. கயிறு சுற்றி முறுக்கும் வரை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டே நிற்பாள். இப்போது கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தாள்.

தச்சர் திணறினார். ஈரப் பசையில் துண்டுகள் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கின. ஒரு குமிழை இறுக்கினால் எதிர்ப்பக்கத்து மூட்டு வாயைப் பிளந்தது. அதை மூடினால் இது மேலே ஏறியது. பிடிக்கிற சாமானுக்குப் பலம் இருந்தது, ஆனால் எங்கே எவ்வளவு என்று அதற்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. அந்தப் பாதி வேலையை அவர் ஒருநாளும் செய்ததில்லை. அது எப்போதும் மேசையின் அந்தப் பக்கத்தில் தானாக நடந்துவிடும்.

பிடியக்கா பட்டியில் இடுப்பைச் சாய்த்தாள். மணிக்கட்டை அசைக்காமல் ஒரு விரலை மட்டும் நீட்டி, மூட்டின் மேல் வைத்துத் தடவினாள். கண்ணை மூடிக்கொண்டாள். பிடிக்கத்தானே கூடாது, தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லவில்லையே.

இது ஒரு நகம் அளவு ஏறியிருக்கிறது என்றாள். அந்தக் குமிழைத் தளர்த்துங்கள். கிளாம்ப்பை மூட்டுக்கு நேராக வைக்காதீர்கள், கொஞ்சம் தள்ளி, வளைவின் முதுகில் வையுங்கள். அங்கே அமுக்கினால்தான் இது தானாகப் போய் அடங்கும். எத்தனை முறை அடங்கியிருக்கிறது, என் உள்ளங்கைக்குத் தெரியாதா? தச்சர் போல்ட்டை டிராக்கில் நகர்த்தினார். இன்னும் கொஞ்சம் என்றாள். இன்னும். போதும். அவர் திருகினார். மூட்டு மூடிக்கொண்டு கோடாக, பிறகு கோடும் தெரியாமல் போனது. ஓரத்தில் பசை முத்து முத்தாக வெளியே வந்து நின்றது. அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் அடுத்த மூட்டுக்குப் போய்விட்டிருந்தாள்.

"இப்பத்தான் தெரியுது," என்றார் சலூன்காரர், நாத்தனாரிடம் தாழ்ந்த குரலில். "இத்தனை நாளா கடை யாரோடதுன்னு."

இது இப்போதுதான் உங்களுக்குத் தெரிகிறதா, உங்கள் கண்ணாடி ரொம்ப நாளாகவே சாய்ந்திருக்கிறதுபோல என்றாள் அவள்.

பசை காய்ந்து, மறுநாள் சட்டத்தின் உள்விளிம்பைக் கடைய வேண்டியிருந்தது. கண்ணாடி உட்காருகிற பள்ளம். கிளாம்ப்புகளைச் சுற்றி வைத்து இறுக்கிச் சட்டத்தை மேசையோடு மேசையாக நிறுத்தினார்கள். பிடியக்கா எங்கெங்கே என்று சொன்னாள், தச்சர் திருகினார். சட்டத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். மேசைதான் ஆடியது, சட்டம் அசையவில்லை. அவள் கை வைக்க வேண்டிய அவசியம் எங்கும் இல்லை. வேலை இனி மெஷினுக்கும் மரத்துக்கும் நடுவில்தான் என்று அவள் சற்று ஒதுங்கி, ரம்பச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

தச்சர் ரவுட்டர் மெஷினை எடுத்தார். விளிம்பில் வைத்தார். குனிந்தார். அப்படியே நின்றார்.

நேரம் போனது. வாசலில் நின்ற சலூன்காரர், கரண்ட் இல்லையா அண்ணே என்று கேட்டார். தச்சர் நிமிரவில்லை. வழுக்கை விழுந்த உச்சி அவளுக்குத் தெரிந்தது. அவர் விரல் சுவிட்சுக்குப் பக்கத்தில் காத்துக்கொண்டிருந்தது. தனியாக இருந்தபோது தானே சொல்லிக்கொண்டார். இப்போது அவள் இங்கே இருக்கும்போது, அதைத் தானே சொல்லிக்கொள்ள அவருக்கு வரவில்லை.

பிடியக்கா சுவரை விட்டு வந்தாள். மேசையின் தன் பக்கத்தில் காலை ஊன்றினாள். இடுப்பைப் பட்டியில் சாய்த்தாள். பட்டை கட்டிய கையை மரத்தில் வைக்கவில்லை. பட்டியின் வழவழப்பின்மேல் சும்மா வைத்துக்கொண்டாள்.

"ம்," என்றாள்.

நீளமாக இழுத்துத்தான் சொன்னாள். மாடியில் தையல் மெஷின் சட்டென்று நின்று கேட்டது. பிறகு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு மெஷினும் சேர்ந்து ஓடத் தொடங்கின.